அடிக்கடி டான்சில்: சீட்டில் ஒரே பெயர், உள்ளே வேறு வேறு காரணம்

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்து சில வாரத்தில் முதல் சுற்று. ஐப்பசி அடைமழையில் இரண்டாவது. மார்கழிப் பனியில் மூன்றாவது. கடலூரிலும் புதுச்சேரியிலும் எல்.கே.ஜி. முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளை உள்ள வீடுகளுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும். "மாசம் ஒரு தடவ டான்சில் வந்துடுது சார், மருந்து குடுத்து குடுத்து அலுத்துப்போச்சு" என்று ஒரு பிளாஸ்டிக் கவர் நிறையச் சீட்டுகளோடு வருவார்கள். பிரித்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் டான்சிலைட்டிஸ் என்றே எழுதியிருக்கும். காய்ச்சல் எவ்வளவு ஏறியது, இருமல் இருந்ததா, கொடுத்த மருந்து எத்தனை நாள் உள்ளே போனது என்பதெல்லாம் ஒரு சீட்டிலும் இருக்காது. காரணத்தைப் பிடிக்க வேண்டுமானால் அந்த விடுபட்ட தகவல்தான் வேண்டும்.

அதனால் முதல் வேலை ஒரு நாற்பது பக்க நோட்டு. ஒவ்வொரு முறை தொண்டைவலி வரும்போதும் தொடங்கிய தேதி, தெர்மாமீட்டரில் பார்த்த அதிகபட்சக் காய்ச்சல், மூக்கு ஒழுகலும் இருமலும் உண்டா இல்லையா, தாடைக்குக் கீழே நெறி கட்டி தொட்டால் வலிக்கிறதா, டான்சிலில் வெள்ளை இருந்ததா, என்ன மருந்து எத்தனை மி.லி. எத்தனை நாள், வீட்டில் வேறு யாருக்கு வந்தது. இவ்வளவுதான். "சூடா இருந்துச்சு" என்று எழுதிப் பயனில்லை, எண் வேண்டும். ஆறு மாதம் எழுதிய நோட்டு, ஒரு கட்டு ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளைவிட மருத்துவருக்கு உதவும்.

தொண்டையைப் பார்க்கும் முறையையும் வீட்டில் தெரிந்துகொள்ளலாம். செல்போன் டார்ச் போதும். பிள்ளை அழாத நேரத்தில், நாக்கை வெளியே நீட்டாமல் வாயைத் திறந்து "ஆ" சொல்லச் சொல்ல வேண்டும். தேவைப்பட்டால் ஸ்பூன் காம்பால் நாக்கின் நடுப்பகுதியை மெல்ல அழுத்தலாம். அதற்கும் பின்னால் போனால் குமட்டும், அடுத்த முறை வாயையே திறக்காது. நடுவில் தொங்குவது உள்நாக்கு. அதற்கு இரண்டு பக்கமும் இருக்கும் சதைதான் டான்சில். பெரிதாக இருப்பது வேறு, புண்ணாகிச் சிவந்திருப்பது வேறு. 3 வயதிலிருந்து 7 வயது வரை டான்சிலும், மூக்குக்குப் பின்னால் உள்ள அதே மாதிரிச் சதையான அடினாய்டும் இயல்பாகவே பெரிதாக இருக்கும். வலியில்லாமல், காய்ச்சலில்லாமல் சும்மா பெரிதாக இருக்கிற டான்சிலுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்து ஒரு பயனும் இல்லை. எச்சில் வடித்துக்கொண்டு, மூச்சிழுக்கும்போது சத்தம் வருகிற பிள்ளைக்கு மட்டும் வாய்க்குள் எதையும் விட்டுப் பார்க்கக் கூடாது, நேராக ஆஸ்பத்திரிதான்.

பாதிக்கு மேல் வைரஸ்

பிள்ளைகளின் தொண்டைவலியில் பெரும்பகுதி வைரஸ் தொற்று. 'ஏ' பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் (சுருக்கமாக ஸ்ட்ரெப்) பாக்டீரியாவால் வருவது சுமார் 20 முதல் 30 சதவீதம். அதுவும் 5 வயதிலிருந்து 15 வயதுக்குள் அதிகம், 3 வயதுக்குள் அபூர்வம். இரண்டு வயதுக் குழந்தைக்கு டான்சிலில் வெள்ளை படிந்திருந்தால் அது பெரும்பாலும் அடினோவைரஸ். வெள்ளையைப் பார்த்த உடனே ஆன்டிபயாடிக் என்ற வழக்கம் அங்கேயே தவறிப்போகிறது.

புதிதாகப் பள்ளிக்குப் போகும் குழந்தைக்கு வருடத்துக்கு 6 முதல் 8 தடவை சளி பிடிப்பது இயல்பு. ஒவ்வொரு சளியிலும் தொண்டை கொஞ்சம் சிவக்கும். ஒவ்வொரு சிவப்பையும் டான்சில் என்று எழுதினால் ஒரே வருடத்தில் எட்டு டான்சில் ஆகிவிடும். மூக்கு ஒழுகல், இருமல், குரல் கம்மல், கண் சிவப்பு, வாய்ப்புண் ஆகியவை கூடவே இருந்தால் வைரஸ் பக்கம்தான் சாயும். திடீரென்று ஏறும் காய்ச்சல், எச்சில் முழுங்கவே வலி, தலைவலி, சிறு பிள்ளைகளுக்கு வயிற்றுவலியும் வாந்தியும், தாடைக்கோணத்தில் வலிக்கும் நெறி, இவற்றோடு இருமலே இல்லை என்றால் ஸ்ட்ரெப் என்று சந்தேகிக்க வேண்டும். சந்தேகம் மட்டும் போதாது. தொண்டையைப் பஞ்சுக்குச்சியால் துடைத்து எடுத்துச் செய்யும் கல்ச்சர் 24 முதல் 48 மணி நேரத்தில் சொல்லிவிடும். ஆன்டிபயாடிக் ஆரம்பித்த பிறகு துடைத்தால் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம், ஆகவே முதல் டோஸுக்கு முன்னால் எடுத்துவிட வேண்டும்.

பாட்டில் தீர்ந்தால் கோர்ஸ் முடிந்ததா?

நிஜமாகவே ஸ்ட்ரெப் வந்த பிள்ளைக்கு அது திரும்பத் திரும்ப வருவதற்கு மிகச் சாதாரணமான காரணம் ஒன்று உண்டு: மருந்து முழுதாக உள்ளே போகவில்லை. பெனிசிலின் வகை ஆன்டிபயாடிக்கான அமாக்சிசிலின் ஆரம்பித்த இரண்டாம், மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிடும். பிள்ளை விளையாட ஓடும். மருந்து ஃப்ரிட்ஜ் கதவிலேயே நின்றுவிடும். ஸ்ட்ரெப்புக்கு வழக்கமான கணக்கு 10 நாள். நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 50 மி.கி., அதிகபட்சம் 1000 மி.கி. இதை ஒரே வேளையாகவோ இரண்டாகப் பிரித்தோ கொடுப்பார்கள்.

15 கிலோ பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு 750 மி.கி. 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப் என்றால் நாளைக்கு 15 மி.லி., பத்து நாளைக்கு 150 மி.லி. வேண்டும். கடையில் கொடுக்கும் பாட்டில் 30 மி.லி. என்றால் இரண்டு நாள், 60 மி.லி. என்றால் நான்கு நாள். "ஒரு பாட்டில் முடிச்சாச்சு" என்று நிம்மதியாகச் சொல்கிற பல வீடுகளில் பாதிக் கோர்ஸ்கூட ஆகியிருக்காது. 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ள பாட்டிலைக் கொடுத்துவிட்டு மி.லி. அளவை மாற்றாமல் விட்டால் பாதி டோஸ்தான் போகும். சீட்டில் உள்ள மி.கி.யையும் பாட்டில் லேபிளையும் கடையிலேயே நின்று ஒப்பிட்டுப் பாருங்கள். எடை மாதக்கணக்கில் ஏறும், போன வருடச் சீட்டை வாட்ஸ்அப்பில் கடைக்கு அனுப்பி வாங்கும் மருந்து இந்த வருடப் பிள்ளைக்குப் போதாது.

கலக்குவதிலும் கோளாறு நடக்கிறது. முதலில் தூளை உதிரும்படி தட்டிவிட்டு, கொதித்து முழுதாக ஆறிய நீரைப் பாதி அளவுக்கு ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்கிய பிறகு கோடு வரை நிரப்ப வேண்டும். நுரையோடு கோட்டைப் பார்த்தால் நீர் குறைந்து மருந்து கெட்டியாகிவிடும். வெந்நீரில் கலக்கினால் மருந்து கெடும். கலந்த மருந்தை ஏழு நாளுக்குள் பயன்படுத்தும்படி பெரும்பாலான பாட்டில்களில் அச்சிட்டிருக்கும். ஆகவே எல்லாப் பாட்டிலையும் ஒரே நாளில் கலந்து வைக்காதீர்கள், அடுத்ததைத் தூளாகவே வைத்திருங்கள். ஒவ்வொரு முறையும் குலுக்கி ஊற்ற வேண்டும். இல்லையென்றால் முதல் நாள் வெறும் தண்ணீரும் கடைசி நாள் வண்டலும்தான் போகும். அளக்க மூடி வேண்டாம், 5 அல்லது 10 மி.லி. சிரிஞ்ச் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழக்கம், கடையில் கேட்டதும் கிடைக்கும் மூன்று நாள் அசித்ரோமைசின். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்கு மாற்றாக வைத்திருக்கும் மருந்து அது. ஸ்ட்ரெப்புக்குக் கொடுத்தாலும் கிலோவுக்கு 12 மி.கி. வீதம் 5 நாள். மூன்று நாளில் காய்ச்சல் நின்றது என்றால் அது அநேகமாகத் தானாகவே நிற்கவிருந்த வைரஸ் காய்ச்சல். பெருமை மட்டும் மருந்துக்குப் போய்விடுகிறது!

பத்து நாள் ஏன் என்று கேட்பவர்களுக்கு: தொண்டைவலி போவதற்காக மட்டும் அல்ல. சரியாகத் தீராத ஸ்ட்ரெப் இரண்டு மூன்று வாரம் கழித்து ருமாட்டிக் காய்ச்சலாகி இதய வால்வைப் பாதிக்கலாம். நம் நாட்டில் அது இன்னும் ஒழியவில்லை. தொண்டைவலி தொடங்கி 9 நாளுக்குள் மருந்து ஆரம்பித்தால்கூட அதைத் தடுக்க முடியும். எனவே கல்ச்சர் முடிவுக்காக ஒரு நாள், இரண்டு நாள் காத்திருப்பதில் பயம் இல்லை.

ஏ.எஸ்.ஓ. சீட்டைப் பார்த்து வரும் பயம்

"ஏ.எஸ்.ஓ. 400 இருக்கு, மாசாமாசம் பெனிசிலின் ஊசி போடச் சொல்லிட்டாங்க" என்று கலங்கி வரும் பெற்றோர் நிறையப் பேர். இந்த ரத்தப் பரிசோதனை, ஸ்ட்ரெப் கிருமி என்றைக்கோ வந்து போனதற்கான தடம். தொற்று வந்து ஓரிரு வாரம் கழித்து ஏறி, பல மாதம் இறங்காமல் நிற்கும். பள்ளி வயதுப் பிள்ளைகளில் 200-ஐத் தாண்டுவது சகஜம். இன்றைய தொண்டைவலிக்கு ஸ்ட்ரெப்தான் காரணமா என்று அது சொல்லாது. மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு முறை போடும் பென்சத்தின் பெனிசிலின் ஊசி, ருமாட்டிக் காய்ச்சல் உறுதியான பிள்ளைக்கு உரியது. மூட்டு வீக்கமோ, இதயத்தில் முனகல் சத்தமோ, வேறு அறிகுறியோ இல்லாமல் வெறும் ஏ.எஸ்.ஓ. எண்ணுக்காக அந்த ஊசியைத் தொடங்கச் சொன்னால் இன்னொரு குழந்தை மருத்துவரையும் கேட்டுவிடுவது நல்லது. ஏற்கெனவே ருமாட்டிக் காய்ச்சலுக்காகப் போட்டுக்கொண்டிருக்கும் ஊசியை மட்டும் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள்.

இதோடு சேர்ந்ததுதான் கேரியர் பிரச்சினை. சில பிள்ளைகளின் தொண்டையில் ஸ்ட்ரெப் சும்மா குடியிருக்கும், நோய் தராது. அந்தப் பிள்ளைக்குச் சாதாரண வைரஸ் சளி வரும்போது தொண்டையைத் துடைத்தால் ஸ்ட்ரெப் பாசிட்டிவ் வரும், மறுபடியும் ஆன்டிபயாடிக். வருடத்துக்கு நான்கு தடவை ஸ்ட்ரெப், ஆனால் ஒவ்வொரு தடவையும் மூக்கு ஒழுகலும் இருமலும் என்று நோட்டு காட்டினால் இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். நன்றாக இருக்கும்போதும் கல்ச்சர் பாசிட்டிவ் என்றால் ஏறக்குறைய உறுதி. இவர்களால் மற்றவர்களுக்குப் பரவுவதும் குறைவு, ருமாட்டிக் காய்ச்சல் ஆபத்தும் குறைவு.

இதற்கு நேர் எதிர், வீட்டுக்குள்ளேயே கிருமி சுற்றிவருவது. அண்ணனுக்கு வந்து போன பத்தாம் நாள் தம்பிக்கு, பிறகு மறுபடி அண்ணனுக்கு. தொண்டைவலி உள்ள எல்லோரையும் ஒரே நேரத்தில் பார்த்து, தேவையானவர்களுக்கு ஒரே நேரத்தில் மருந்து கொடுத்தால்தான் சுற்று அறும். ஆன்டிபயாடிக் தொடங்கி 24 மணி நேரம் பள்ளிக்கு விடுப்பு. வாய் படாமல் தூக்கிக் குடிக்கும் நம் ஊர்ப் பழக்கத்தைப் பள்ளி வாட்டர் பாட்டில் கெடுத்துவிட்டது. பெஞ்சில் நாலு பேர் ஒரே பாட்டிலில் வாய் வைப்பதை நிறுத்தச் சொல்லுங்கள்.

காலண்டர் பார்த்து வரும் காய்ச்சல்

நோட்டு இல்லாமல் கண்டுபிடிக்கவே முடியாத ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் 5 வயதுக்குள் தொடங்கும். மூன்று முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை, ஏறக்குறையச் சொல்லிவைத்த தேதியில், 102, 103 டிகிரி காய்ச்சல். கூடவே சிவந்த தொண்டை, கழுத்தில் நெறி, சில சமயம் வாயில் சிறு புண். சளி, இருமல் கிடையாது. கல்ச்சரில் ஒன்றும் வராது. ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் மூன்று முதல் ஆறு நாளில் தானே நிற்கும். இடைப்பட்ட நாட்களில் பிள்ளை ஜம்மென்று இருக்கும், எடையும் உயரமும் ஒழுங்காக ஏறும். மருத்துவர்கள் இதைப் பிஃபாபா என்பார்கள். கிருமித் தொற்று அல்ல, உடலின் அழற்சி ஒழுங்கு தவறுவது. பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு ஒரு டோஸ் கொடுத்தால் சில மணி நேரத்தில் காய்ச்சல் இறங்குவது இதன் அடையாளங்களில் ஒன்று, ஆனால் அடுத்த சுற்று சற்று சீக்கிரமே வந்துவிடலாம். பெரும்பாலோருக்கு வயது ஏற ஏறத் தானாகவே போய்விடும்.

சில கிளினிக்குகளில் எந்தத் தொண்டைவலிக்கும் ஆன்டிபயாடிக்கோடு ஒரு ஸ்டீராய்டு ஊசியும் போட்டுவிடுகிறார்கள். அன்று மாலையே பிள்ளை எழுந்து உட்காரும், பெற்றோருக்கும் சந்தோஷம். ஆனால் காய்ச்சல் எதனால் இறங்கியது என்பது யாருக்கும் தெரியாமல் போகிறது. போட்ட ஊசியின் பெயரைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

மூக்கு அடைத்தால் தொண்டை கெடும்

கடற்கரை ஊரில் காற்றில் ஈரம் அதிகம். வீட்டுத் தூசியில் வாழும் நுண்பூச்சிகளுக்கு மெத்தையும் தலையணையும் சொர்க்கம். காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல், மூக்கு அரிப்பு, உள்ளங்கையால் மூக்கை மேலே தேய்க்கும் பழக்கம், கண்ணுக்குக் கீழே கருமை என்றால் அலர்ஜி. பின்மூக்கிலிருந்து சளி தொண்டையில் வடியும். மூக்கு அடைத்ததால் இரவெல்லாம் வாயால் மூச்சு விட்டு, காலையில் தொண்டை காய்ந்து வலிக்கும். பத்து மணிக்கு வலி போய்விடும், காய்ச்சலும் இருக்காது. அடினாய்டு பெருத்த பிள்ளைக்கும் இதே கதைதான், கூடவே குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று திணறி எழுவது, டி.வி. சத்தத்தைக் கூட்டி வைப்பது. இவர்களுக்கு ஆன்டிபயாடிக்கால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

தலையணை உறை, படுக்கை விரிப்பு வாரம் ஒரு முறை நன்கு சுடுநீரில். இலவம்பஞ்சுத் தலையணையை வெயிலில் போட்டுத் தட்டுவது நல்ல பழக்கம், ஆனால் தட்டும்போது பிள்ளை பக்கத்தில் இருக்கக் கூடாது. மழைவெள்ளம் வந்து போன வீட்டில் சுவர் ஓதம் காய்ந்து கறுப்புப் பூஞ்சை ஒட்டியிருக்கும். கட்டிலை அந்தச் சுவரிலிருந்து நகர்த்திப் போடுங்கள். கடலூர் முதுநகரிலோ முத்தியால்பேட்டையிலோ கொசு இல்லாமல் இருக்காதுதான், ஆனாலும் ஜன்னலைச் சாத்திவிட்டுக் கொசுவர்த்திச் சுருள் ஏற்றுவதற்குப் பதில் வலை கட்டுங்கள். தலைக்குக் குளிப்பாட்டிச் சாம்பிராணி போடுவது, சவுக்கு விறகு அடுப்பு, அப்பாவின் சிகரெட், மூன்றும் அந்தப் பிள்ளையின் தொண்டைக்கு ஒன்றுதான். வாசலில் நின்று பிடித்தாலும் சட்டையோடு புகை உள்ளே வரும்.

மூக்கு ஸ்ப்ரே எழுதிக் கொடுத்தால் பலன் தெரிய சில வாரம் ஆகும், இரண்டு நாளில் நிறுத்துவதால்தான் "ஸ்ப்ரே வேலை செய்யல" என்கிறார்கள். தலையைச் சற்று முன்னால் குனிந்து, இடது மூக்குக்கு வலது கையால், வலது மூக்குக்கு இடது கையால், முனை காதுப் பக்கம் பார்க்கும்படி அடிக்க வேண்டும். அண்ணாந்து அடித்து உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குள் போய்விடும்.

ஐஸ்கிரீம், உள்நாக்கு, கஷாயம்

ஐஸ்கிரீம் கிருமியை உண்டாக்காது. புண்ணான தொண்டைக்குக் குளிர்ச்சி இதமாகவே இருக்கும். உச்சிமுடியைப் பிடித்து இழுத்து உள்நாக்கைத் தூக்குவது, விரலை விட்டுத் தொண்டையை நீவுவது, தொக்கம் எடுப்பது எல்லாம் வேண்டவே வேண்டாம். விரல் விட்டால் சீழ்க்கட்டி உடைந்து மூச்சுக்குழலில் போகலாம். ஆயா வைக்கும் கற்பூரவள்ளிக் கஷாயத்தையும் தூதுவளை ரசத்தையும் மிதமான சூட்டில் கொடுங்கள், வலி ஆறும், கிருமி போகாது. தேன் ஒரு வயதுக்குக் கீழே கூடாது. வெந்நீரில் வாய் கொப்பளிப்பது ஆறு வயதுக்கு மேல்தான் ஒழுங்காக வரும், ஒரு டம்ளருக்கு அரை டீஸ்பூன் உப்பு.

பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி. வரை, ஆறு மணி நேர இடைவெளியில், நாளைக்கு நான்கு தடவைக்கு மேல் போகாமல். சிரப் 5 மி.லி.யில் 120 மி.கி. என்றும் 250 மி.கி. என்றும் இரண்டு வகையாக வருகிறது. 12 கிலோ பிள்ளைக்கு முதல் வகையில் 7.5 மி.லி. சரி, அதே 7.5-ஐ இரண்டாவது வகையில் கொடுத்தால் இரட்டிப்பு ஆகிவிடும். ஆஸ்பிரின் கூடவே கூடாது.

எப்போது ஓட வேண்டும், எப்போது அறுவை

வாயைத் திறக்க முடியாமை, ஒரு பக்கம் மட்டும் வீங்கி உள்நாக்கு மறுபக்கம் தள்ளியிருப்பது, எச்சில் வடிதல், கழுத்து பெருத்து டான்சிலில் சாம்பல் நிறப் படலம், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே ஆஸ்பத்திரி. சாம்பல் படலம் தொண்டை அடைப்பானாக (டிப்தீரியா) இருக்கலாம். 16 முதல் 24 மாதத்திலும் 5 முதல் 6 வயதிலும் போட வேண்டிய பூஸ்டர் விட்டுப்போயிருக்கிறதா என்று தடுப்பூசி அட்டையைப் பாருங்கள். தொண்டைவலி போய் இரண்டு மூன்று வாரத்தில் மூட்டு வீக்கம், மூச்சிரைப்பு, டீ நிறத்தில் சிறுநீர் என்றாலும் காத்திருக்கக் கூடாது. வெளிறிப்போய் உடம்பில் நீலத் திட்டுகள் உள்ள பிள்ளைக்கு உடனே ரத்த அணுப் பரிசோதனை வேண்டும். தொண்டையோடு நிமோனியாவும் காது சீழும் மாறி மாறி வந்து எடையும் ஏறாத பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்திக் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவை அபூர்வம்.

டான்சில் அறுவைக்கு உலகெங்கும் ஏற்ற கணக்கு: ஒரே வருடத்தில் 7 தடவை, அல்லது இரண்டு வருடம் தொடர்ந்து வருடத்துக்கு 5, அல்லது மூன்று வருடம் தொடர்ந்து வருடத்துக்கு 3. அதுவும் ஒவ்வொரு தடவையும் 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல், கழுத்து நெறி, டான்சிலில் வெள்ளை, ஸ்ட்ரெப் பாசிட்டிவ் ஆகியவற்றில் ஒன்றாவது பதிவாகியிருக்க வேண்டும். இங்கேதான் அந்த நோட்டு கைகொடுக்கும். "அடிக்கடி வருது" என்பதை எந்தக் காது மூக்கு தொண்டை மருத்துவரும் கணக்கில் எடுக்க முடியாது. தூக்கத்தில் மூச்சு திணறும் பிள்ளைக்கு இந்த எண்ணிக்கை தேவையில்லை, தூங்கும்போது எடுத்த ஒரு நிமிட செல்போன் வீடியோவைக் காட்டுங்கள். கோரிமேடு ஜிப்மர், கதிர்காமம் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி, கடலூர் அரசு தலைமை மருத்துவமனை என்று எங்கே போனாலும் நோட்டையும் மருந்து அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள்.

அறுவை செய்தால் எதிர்ப்புச் சக்தி போய்விடும் என்ற பயம் பெரிதாகத் தேவையில்லை. அக்கறை வேண்டியது ரத்தக்கசிவில். முதல் 24 மணி நேரத்திலும், பிறகு 5-ஆம் நாளிலிருந்து 10-ஆம் நாளுக்குள்ளும் அது வரலாம். அறுத்த இடத்தில் வெள்ளைப் படலம் படிவது ஆறுவதன் அடையாளம், சீழ் என்று பயந்து சுரண்டக் கூடாது. வலிக்குப் பயந்து சாப்பிடாமல் விட்டால்தான் படலம் காய்ந்து கசியும். இட்லி, ரசம் சாதம், மோர், ஐஸ்கிரீம் எல்லாம் கொடுக்கலாம், முறுக்கு, வறுவல் இரண்டு வாரத்துக்கு வேண்டாம். காட்டுமன்னார்கோவில், பரங்கிப்பேட்டைப் பக்கமிருந்து வருபவர்கள் அந்தப் பத்து நாளும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் உள்ள உறவினர் வீட்டில் தங்க முடிந்தால் தங்கிவிடுங்கள். துப்பும் எச்சிலில் புது ரத்தம் தெரிந்தாலோ, தூக்கத்தில் பிள்ளை அடிக்கடி எதையோ முழுங்கிக்கொண்டே இருந்தாலோ, விடியட்டும் என்று பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.